மாம்பழக் கூழ் ஆலையில் ஒரு வருகைப்பதிவு மென்பொருள்: இரண்டரை நட்சத்திரம்

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கெழுதுகிறேன். வருகைப்பதிவும் சம்பளமும் பார்க்கும் மென்பொருள் ஒன்றைக் கைரேகைக் கருவியோடு சென்ற ஆண்டு வாங்கினோம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கோப்புகளை ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடும். சம்பளச் சீட்டும் தமிழிலேயே அச்சாகிறது. இரண்டரை நட்சத்திரம் அதற்காகத்தான்.

பெங்களூரா ரக மாம்பழ வரத்து தொடங்கியதும் கருவி படுத்துவிட்டது. மாம்பால் பட்டு வெந்த விரலில் ரேகை எங்கே தெரியும்? காம்பு கிள்ளும் அக்கா ஒருவர் ஆறு முறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரேஷன் கடையிலும் எனக்கு இதே பாடுதான் சார்" என்றார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விற்க வந்தவர், ஆலைகளிடம் அரசு ஆண்டுதோறும் கேட்கும் ஏ.எஸ்.ஐ. (ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு) படிவத்தையும் இது தானே நிரப்பிவிடும் என்றார். நான் ஏமாந்தது அங்கேதான். அந்தப் படிவத்தில் ஆள், கூலிக் கணக்கைக் கேட்கும் இ பிளாக்கில் சராசரி ஆள் என்றால், மொத்த மனித நாட்களை ஆலை ஓடிய நாட்களால் வகுத்து வருவது. எங்களுக்குப் பருவத்தில் 50 நாள், தினம் 200 பேர். மீதி 250 நாளும் 20 பேர்தான். மொத்தம் 15,000 மனித நாள். 300-ஆல் வகுத்தால் 50 பேர்.

மென்பொருள் காட்டியது 68. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழைய தாள்களைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது: அது மாதச் சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களை எண்ணிப் பன்னிரண்டால் வகுக்கிறது. மூன்று நாள் வந்து நின்றுவிட்டவரும் ஒரு பெயர், மாதம் முழுக்க வந்தவரும் ஒரு பெயர். தினம் 200 பேர் வந்த மாதத்துப் பட்டியலில் 310 பெயர்! கொடுத்த கூலி அதேதான், தலை மட்டும் கூடிவிட்டது. அப்படியே அனுப்பியிருந்தால் எங்கள் ஆட்களின் சராசரி ஆண்டு ஊதியம் கால்பங்குக்கு மேல் குறைந்து போயிருக்கும், காகிதத்தில்.

மணிக்கூலியிலும் இதே கோளாறு. மொத்தக் கூலியை மொத்த மணி நேரத்தால் வகுக்காமல், ஆளுக்கு ஆள் மணிக்கூலி கண்டு, அவற்றுக்குச் சராசரி பார்க்கிறது. மேஸ்திரி வழியாக வருபவர்களைப் படிவம் தனி வரியில் கேட்கிறது. இதில் அந்த வரியே இல்லை.

தொலைபேசியில் கேட்டால், "அடுத்த அப்டேட்டில் வந்துவிடும் சார்." நான்கு மாதமாக அதே பதில். பி.எஃப். கோப்புக்காகச் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். இ பிளாக்குக்கு நீள நோட்டுதான். கைரேகைக் கருவிக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியாகிவிட்டது.