கோபர்னிகஸ் 30 மீட்டர் உயரத் தரவு: பாலாற்றுக்குக் கைகொடுக்கும், கடலோரத்துக்குப் போதாது

வங்கக்கடல் புயல் வேலூருக்கு அலையாக வருவதில்லை, மழையாக வருகிறது. ஜவ்வாது மலையிலும் பொன்னையாற்றுப் படுகையிலும் கொட்டுவது எந்த ஏரிக்கு இறங்கும் என்று கணிக்க, இலவசத் தரவுகளில் கோபர்னிகஸ் ஜிஎல்ஓ-30 தான் முதல் தேர்வு. நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் தரும் ஐரோப்பியத் தரவு இது. பலரும் பயன்படுத்தும் நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது. கோபர்னிகஸோ 2011-15இல் டேன்டெம்-எக்ஸ் என்ற ஜெர்மன் செயற்கைக்கோள் ரேடார் அளந்தது. மலை ஓடைகள் துல்லியமாக விழுகின்றன.

தரவு ஒரு டிகிரிக்கு ஒரு கோப்பாக வருகிறது, ஒன்றை மட்டும் இறக்கினால் போதாது. வேலூர் 12.9 டிகிரி வடக்கில், கோப்பின் விளிம்பிலேயே இருக்கிறது. ஊருக்கு என்12 இ079 (12 டிகிரி வடக்கு, 79 டிகிரி கிழக்கு), பொன்னைக்கு என்13 இ079, ஆம்பூருக்கு என்12 இ078. மூன்றையும் இணைத்து, டிகிரிக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு என்ற வரைபட அமைப்புக்கு மாற்றிய பிறகே சரிவைக் கணக்கிடுங்கள்.

வில்லங்கம் சமவெளியில்தான். ரேடார் கண்டது தரையை அல்ல, மேற்பரப்பை. ஆற்றோரத் தென்னந்தோப்பு வெள்ளத்தை மறிக்கும் மேடாகத் தெரியும். ஏரிக்கரையோ 30 மீட்டர் கட்டத்துக்குள் மழுங்கிவிடும். கணிப்பில் தண்ணீர், உபரிநீர் வெளியேறும் கலங்கலை விட்டுவிட்டுக் கரையைக் குறுக்கே கடந்து போகும். நெடுஞ்சாலை மேடு நிற்கும், அதன் அடியிலுள்ள சிறுபாலம் தெரியாது. அப்படியே மென்பொருளில் பள்ளம் நிரப்பும் கட்டளையைக் கொடுத்தால் சாலையோரம் இல்லாத ஏரி ஒன்று முளைக்கும். முதலில் கலங்கல், சிறுபாலம், வரத்துக் கால்வாய் மீது கோடு வரைந்து அந்தக் கட்டங்களைத் தாழ்த்துங்கள். கலங்கல் மட்டத்தை லெவல் கருவியால்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் உயரத் தரவை இதோடு ஒட்டாதீர்கள். அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் கணித வடிவமான நீள்வட்டத்திலிருந்து கணக்கிட்டது. நம் பக்கத்தில் கடல்மட்ட உயரத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாகக் காட்டும். ஒட்டிய இடத்தில் செங்குத்துப் பாறை எழும்.

இதே கோபர்னிகஸ் தரவை வைத்துப் பாலாற்று முகத்துவாரத்தில், வயலூர் பக்கம், புயல் அலை எல்லை வரைபவர்கள் உண்டு. 90 சதவீத இடங்களில் பிழை 4 மீட்டருக்குள் என்பதுதான் தரவின் உறுதி. இரண்டு மீட்டர் அலைக்கு அதில் கோடு போடுவது தராசில்லாமல் தங்கம் நிறுப்பது மாதிரி. அங்கே லேசர் ஒளியால் உயரத்தை அளக்கும் லைடார் அளவைதான் வேண்டும்.

வெள்ளப் பரப்பைச் சரிபார்க்க சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம் உதவும், மேகம் தடையில்லை. ஆனால் பாலாற்றின் காய்ந்த மணலும் தண்ணீர்போலவே கறுப்பாகத் தெரியும். அதே சுற்றுப்பாதையில் கோடையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, இரண்டிலும் கறுத்த இடங்களை நீக்கிவிடுங்கள்.