இரண்டு கணினி சேர்ந்தால் இரட்டை வேகம் என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஃபிளைட் சிமுலேட்டர் காக்பிட்டை வீட்டில் அமைக்க நினைக்கும் நீலகிரி, கொடைக்கானல் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு கணினிகளை இணைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், அவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். சமவெளியில் கடை வைத்திருக்கும் ஒருவர் இப்படிச் சொல்லித்தான் எங்கள் குடும்பத்திடம் 2,60,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, பழைய சாமான்களைக் கோத்தகிரியில் இறக்கிவிட்டுப் போனார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய விதம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதே ஆட்கள் குன்னூரிலும் இரண்டு வீடுகளில் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என் அண்ணன் மகள் விமானிப் பயிற்சிக்குத் தயாராகிறாள். பயிற்சிப் பள்ளியில் சேருமுன் கருவிகளைப் படிக்கவும், ரேடியோ அலைவரிசை வைக்கவும், இறங்கும் முறையை மனப்பாடமாகச் செய்யவும் வீட்டில் ஓர் அமைப்பு வேண்டும் என்று கேட்டாள். நியாயமான ஆசை. வெளிக்காட்சிக்கு மூன்று திரைகள், கீழே கருவிகளுக்கு ஒரு திரை, திருப்புவதற்கு யோக், காலுக்கு பெடல், இவற்றை இயக்க இரண்டு கணினிகள் என்று முடிவாயிற்று.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். "இரட்டை மாட்டு வண்டி மாதிரிதான் சார். ஒரு மாடு இழுக்கிற பாரத்தை இரண்டு மாடு இழுத்தால் வண்டி பறக்கும்" என்றார். கடையில் மூன்று திரைகளில் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. மேசைக்கு அடியில் இரண்டு கணினிகள் இருந்தன. போதாக்குறைக்கு, "பாப்பா இதில் ஓட்டுகிற மணி நேரமெல்லாம் டிஜிசிஏ கணக்கில் சேரும்" என்றும் சொன்னார். இது முழுப் பொய். வணிக விமானி உரிமத்துக்கு, அதை வழங்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறத்தல். வீட்டில் அமைத்த சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அதில் ஒரு நிமிடம்கூடச் சேராது. ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் காட்டி வியாபாரம் செய்தார் என்பதுதான் எனக்குப் பண இழப்பைவிட ஆறாத கோபம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிமுலேட்டர் என்பது ஒரு கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். விமானத்தின் அசைவைக் கணக்கிடுவதும் வெளிக்காட்சியை வரைவதும் அந்த ஒரே கணினியின் வேலை. பக்கத்தில் இன்னொரு கணினியைக் கேபிளில் இணைத்ததால் காட்சியை வரையும் அதன் கிராபிக்ஸ் கார்டு வந்து இதற்குக் கைகொடுத்துவிடாது. 1920க்கு 1080 அளவுள்ள மூன்று திரைகளைச் சேர்த்தால் சுமார் 62 லட்சம் புள்ளிகள். அதாவது ஒரு 4கே திரையின் முக்கால் பங்கு. அத்தனையையும் முதல் கணினியே, ஒவ்வொரு நொடியிலும் பல முறை வரைந்தாக வேண்டும்.

அப்படியானால் இரண்டாவது கணினி எதற்கு? அதற்கும் நல்ல பயன் உண்டு. விமானம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்தத் திசையில் போகிறது என்ற எண்களை முதல் கணினி நெட்வொர்க் வழியாக அனுப்பும். இரண்டாவது கணினி அந்த எண்களை வாங்கி உயரமானி, வேகமானி, வரைபடம், ரேடியோ முகப்பு ஆகியவற்றைத் தன் திரையில் வரையும். இந்த வேலைகளை முதல் கணினியிலேயே தனித்தனிச் சாளரங்களாகத் திறந்தால் காட்சி திக்கித் திக்கி ஓடும். அந்தச் சுமையை இறக்கி வைப்பதுதான் இரண்டாவது கணினியால் கிடைக்கும் லாபம். எண்களை வாங்கி ஊசியை நகர்த்தும் வேலைக்குச் சாதாரண அலுவலகக் கணினியே போதும். எங்களிடம் இரண்டு கணினிகளுக்கும் ஏறக்குறைய ஒரே விலை போட்டிருந்தார். இரண்டாவது பெட்டியைத் திறந்து பார்த்தால் புதிய கேபினெட்டுக்குள் யாரோ கழித்துக் கட்டிய அலுவலகக் கணினியின் உள்ளுறுப்புகள் இருந்தன.

கடையில் நாங்கள் பார்த்த காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியதன் காரணம் பிறகுதான் புரிந்தது. அங்கே ஓடியது எக்ஸ்-பிளேன். அந்த மென்பொருளில் ஒரு தனி வசதி உண்டு. ஒவ்வொரு கணினியிலும் எக்ஸ்-பிளேன் ஒன்றை முழுதாக ஓடவிட்டு, ஒன்றைத் தலைமையாக வைத்தால், தலைமைக் கணினி விமானத்தின் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்றது தன் பங்கான சன்னல் காட்சியைத் தானே வரைந்துகொள்ளும். அங்கேயும் இரண்டு கணினிக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டும், ஒரே நிலக்காட்சிக் கோப்புகளும் வேண்டும். எங்கள் வீட்டில் அவர் ஏற்றியதோ மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024. அதனுடன் அந்த வசதி வருவதில்லை. கடையில் ஒன்றைக் காட்டி வீட்டில் வேறொன்றை விற்றிருக்கிறார். தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை. இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அந்த மென்பொருள் நிலக்காட்சியின் பெரும்பகுதியை இணையத்திலிருந்து அவ்வப்போது இழுத்துக்கொள்ளும். இணைய வேகம் குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50 எம்பிபிஎஸ் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மலையில் இணையம் எப்படி என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பகுதியில் ஐப்பசி மழைக்கு மரம் சாய்ந்தால் ஃபைபர் கேபிளும் சேர்ந்து அறுகிறது. நிலக்காட்சியைக் கணினியின் வட்டிலேயே வைத்துக்கொள்ளும் எக்ஸ்-பிளேன்தான் இப்படிப்பட்ட ஊருக்குப் பொருத்தம். இன்னொரு கொடுமை, மென்பொருளை அவர் தன் சொந்தக் கணக்கில் ஏற்றியிருந்தார். கடவுச்சொல் அவர் கையில். மீதிப் பணம் பற்றிப் பேச்சு முற்றியதும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். மறுநாள் சிமுலேட்டர் திறக்கவில்லை.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சந்தேகம் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். முதலில் கிராபிக்ஸ் கார்டு. பில்லில் புதிய ஆர்டிஎக்ஸ் 3070 என்று இருந்தது. விசிறியின் இறக்கைக்கு அடியில் தகடுகளுக்கு நடுவே பிசுக்கேறிய தூசி, விரல் நகத்தால் சுரண்டினால் சுருளாக வந்தது. பின்பக்கத் திருகுகளின் தலைகள் தேய்ந்திருந்தன. ஒன்றில் உத்தரவாத ஒட்டுத்தாள் கிழிந்து பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கார்டில் ஒட்டியிருந்த வரிசை எண்ணும் வேறு வேறு. எத்தீரியம் என்ற மின்நாணயம் 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் 'மைனிங்' முறையைக் கைவிட்டது. இரவு பகலாகச் சூட்டில் ஓடிய கார்டுகள் அப்போது மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றைத் துடைத்து, புதிய பெட்டியில் போட்டு விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்டின் வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உத்தரவாதம் எப்போது தொடங்கியது என்று தெரிந்துவிடும். எங்கள் கார்டின் உத்தரவாதம் 2021இல் தொடங்கி, முடிந்தும்விட்டது.

பழைய மலிவுக் கார்டை உயர்ந்த கார்டு போலப் பெயர் காட்டும்படி மாற்றி விற்கும் மோசடியும் நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அத்தகைய கார்டுகளைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். வட்டைச் சோதிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள். வட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் தெரிந்துவிடும். "சீல் உடைக்காத புதுசு" என்று தந்த எங்கள் எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடி முடித்திருந்தது.

அடுத்தது கேபிள். இரண்டு கணினிகளையும் நெட்வொர்க் ஸ்விட்சோடு இணைக்க கேட்-6 சுத்தச் செம்பு என்று எழுதிப் பணம் வாங்கியிருந்தார். ஒரு முனையை நறுக்கி, கம்பியைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினேன். மேலே இருந்த செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. இரண்டு முறை வளைத்தாலே ஒடிந்தது. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு இணைக் கம்பிகளும் முழுதாக வேண்டும். பிளக்கில் ஓர் இணை சரியாகப் பிடிக்காததால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிக் கிடந்தது. ஊசிகளை நகர்த்த அதுவே தாராளம்தான். ஆனாலும் செம்புக்குக் காசு கொடுத்தவனுக்கு அலுமினியம் எதற்கு?

இதையெல்லாம்விட என்னைப் பதற வைத்தது உயரமானி. கருவிகளை வரையும் மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கியதாகக் கணக்கில் எழுதிவிட்டு, சோதனைப் பதிப்பை ஏற்றியிருந்தார். சிறிது நேரம் ஓடும், பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் ஊசிகள் நின்றுவிடும். பாப்பா கோவையின் 23ஆம் ஓடுபாதையில் இறங்கப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,320 அடி உயரத்தில் இருக்கிறது. மேல் திரையில் வீட்டுக் கூரைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கீழ்த் திரையில் உயரமானி 3,000 அடியிலேயே நின்றது. அவள் கருவியை நம்பி இறக்கத்தைத் தொடர்ந்தாள். கருவியை நம்பு என்றுதானே பாடம்? தரையில் மோதிய பிறகும் ஊசி 3,000 என்றே காட்டியது. வீட்டு அறை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குத் தவறான பழக்கத்தை ஊட்டும் சாமானை விற்பது சாதாரணக் குற்றம் இல்லை.

மின்சாரத்திலும் அலட்சியம்தான். இரண்டு கணினிக்கும் நான்கு திரைக்கும் சேர்த்து ஒரே 600 விஏ யுபிஎஸ் வைத்தார். அந்த வகை பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். சிமுலேட்டர் ஓடும்போது முதல் கணினி ஒன்றே அதைத் தாண்டிவிடும். மின்வெட்டு வந்த கணமே எல்லாம் அணைந்தது. அலுமினியச் சட்டம் என்று பேசிய கருவிப் பலகை, மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையாக வந்தது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த ஈரத்தில் பலகை ஊதி, துளைகள் இறுகி, லேண்டிங் கியர் நெம்புகோல் பாதியில் சிக்கிக்கொண்டது.

போன் செய்தால் முதலில் "மலைக்கு வர தனிச் சர்வீஸ் சார்ஜ்" என்றார். சரி என்றேன். பிறகு "வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை சார்" என்றார். மலைவாசிகளிடமே இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை 2024 மே 7 முதல் இருக்கிறது. இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பஸ்ஸில் ஏறி வந்தால் அதுவும் தேவையில்லை. பணம் வாங்க வந்த அன்று எந்த இ-பாஸும் அவரைத் தடுக்கவில்லை. மிக்ஸி முதல் இன்வெர்ட்டர் வரை எது வாங்கினாலும் "மலைக்கு சர்வீஸ் இல்லை" என்ற பதிலைக் கேட்டுச் சலித்தவர்கள் நாம். விற்கும்போது மலை தூரமாகத் தெரிவதில்லை, பழுது பார்க்கும்போதுதான் தூரமாகிவிடுகிறது.

அவர் கொடுத்த தாளில் மேலே 'எஸ்டிமேட்' என்றுதான் அச்சாகியிருந்தது. ஜிஎஸ்டி எண் என்று எழுதியிருந்ததில் 15 எழுத்துகளுக்குப் பதில் 14தான் இருந்தன. சரியான எண் 15 இலக்க எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கடையின் பெயர் வர வேண்டும். பணம் கொடுக்குமுன் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும், ஒவ்வொரு மென்பொருளின் உரிமம் யார் பெயரில் என்பதும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடை கீழே இருப்பதால் வழக்குக்குக் கீழேதான் அலைய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அங்கிருந்து கேட்டதற்கும் கடைக்காரர் பதில் சொல்லவில்லை. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு உதகைக்குப் போனேன்.

கழற்றிய கார்டு, வட்டு, நறுக்கிய கேபிள் துண்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதி எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல்களும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குத் தாளும் புகாரோடு இணைந்துள்ளன. அந்தக் கார்டையோ வட்டையோ நான் விற்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. ஆணையம் கேட்டால் அப்படியே காட்ட வேண்டும்.

இப்போதைக்குத் தெரிந்த பையன் ஒருவன் உதவியோடு பழைய அலுவலகக் கணினியையே இரண்டாவது கணினியாக வைத்து, லிட்டில் நாவ்மேப் என்ற இலவச வரைபட மென்பொருளை ஏற்றியிருக்கிறோம். அதன் துணை மென்பொருளான லிட்டில் நாவ்கனெக்ட்டை முதல் கணினியில் ஓடவிட்டால் விமானத்தின் இருப்பிடம் அடுத்த திரையில் ஓடுகிறது. இரண்டு கணினிக்கும் நெட்வொர்க் முகவரியான ஐபி எண்ணை மாறாமல் வைத்து, விண்டோஸ் நெட்வொர்க்கைப் பிரைவேட் என்று மாற்றி, ஃபயர்வாலில் அனுமதி கொடுத்ததும் இணைப்பு நிலையாக நின்றது. சிமுலேட்டர் மென்பொருளைப் பாப்பாவின் பெயரிலேயே கணக்குத் தொடங்கி வாங்கினோம். இவற்றில் எதற்கும் அந்தக் கடைக்காரர் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

குன்னூரில் விலை பேசிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வீட்டாரும் இதைப் படித்தால் பணம் அனுப்புமுன் எனக்கு எழுதுங்கள். அவர் கொடுத்த எஸ்டிமேட் தாளின் நகலை அனுப்புகிறேன், உங்களிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணையத்திலிருந்து கடைக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர் என்ன பதில் தருகிறார் என்பதை வந்ததும் எழுதுகிறேன்.