வாஞ்சிநாதனா, உத்தம் சிங்கா: கட்டுரைக்கு யாரை எடுப்பது?

கல்லூரிக் கட்டுரைக்கு, பிரிட்டிஷ் அதிகாரிகளைச் சுட்ட இந்த இருவரில் யாரை எடுப்பது என்று அக்கா மகள் கேட்டாள், அவள் தோழிகளுக்கும் இதே குழப்பமாம்.

தகவல் கிடைப்பது:
வாஞ்சி: சென்னையில் இருந்தால் இவர்தான் வசதி. கலெக்டர் ஆஷ் கொலைச் சதி வழக்கு நடந்ததே நம் உயர் நீதிமன்றத்தில்தான், ஆவணக் காப்பகமும் எழும்பூரிலேயே இருக்கிறது.
உத்தம் சிங்: வழக்கு நடந்தது லண்டனில்.

நோக்கம்:
உத்தம் சிங்: தெளிவு. 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக, அப்போது பஞ்சாபை ஆண்ட ஓட்வயரை 1940 மார்ச் 13 அன்று சுட்டார்.
வாஞ்சி: இங்கேதான் சிக்கல். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கிய கோபம் ஒரு பக்கம், ஆனால் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் சனாதன தர்மமும் சாதிப் பார்வையும் சேர்ந்தே வருகின்றன, அதை மறைத்து எழுதினால் அந்த மனிதரைப் பாதிதான் காட்டுகிறோம்.

முடிவு:
உத்தம் சிங்: நீதிமன்றத்தில் பேசினார், தூக்கிலேறினார்.
வாஞ்சி: அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டார், அந்தக் கடிதம்தான் மிச்சம்.

இரண்டு நாளில் முடிக்க வேண்டுமா, நோக்கம் தெளிவாக இருக்கும் உத்தம் சிங். ஒரு மாதம் இருக்கிறது, காப்பகத்தில் உட்காரப் பொறுமையும் இருக்கிறது என்றால் வாஞ்சிதான், நான் அவளுக்கும் அதையே சொன்னேன்.