பகலும் இரவும்: நெல்லை வட்டாரத்தில் முதியோர் பராமரிப்புக்கான மூன்று வழிகள்

பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட நெல்லை வட்டார வீடுகளில், வயதான ஒருவர் இனித் தனியே இருக்க முடியாது என்ற நிலை வரும்போது, நடைமுறையில் மூன்று வழிகள்தாம் உள்ளன. அறக்கட்டளைகளும் திருச்சபைகளும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ நடத்தும் இல்லம் ஒன்று. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லம் மற்றொன்று. ஏஜென்சி மூலம் ஆள் அமர்த்தி வீட்டிலேயே வைத்துக்கொள்வது மூன்றாவது. என் பெரியம்மைக்காக இவற்றை விசாரித்தும், முதல் இரண்டை அருகிருந்து பார்த்தும் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: எந்த இடத்திலும் பகலும் இரவும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. நடமாடுகிறவருக்குப் பகலையும், படுக்கையில் இருப்பவருக்கு இரவையும் பார்த்தே இடம் தேட வேண்டும்.

பகல் வாழ்க்கையில் அறக்கட்டளை இல்லங்களே முந்தி நிற்கின்றன. வேலையாட்களை அதிகம் வைத்துக்கொள்ள வசதியில்லாத காரணத்தாலேயே அங்கே பெரியவர்களுக்கு ஏதாவது வேலை இருக்கிறது. பெரியம்மை இருந்த இல்லத்தில் காலைக் காப்பி முடிந்ததும் பெண்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள், முருங்கைக்கீரை உருவுவார்கள், உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையலில் எவ்வளவு வற்றல் வைப்பது என்று சமையல்காரரோடு வழக்காடுவார்கள். தன் சொல் ஓரிடத்தில் செல்லுபடியாகிறது என்ற நிலை எண்பது வயதில் சிறிய விஷயமன்று.

அதே இல்லத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பிறந்தநாள், திதி, திருமண நாள் என்று உபயச் சாப்பாடு கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாகவே வருவார்கள். வந்த பிறகு புகைப்படம் எடுத்து முடியும்வரை இலை காத்திருக்கும். சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையை வழக்கமான நேரத்துக்கே கொடுத்துவிட்டிருந்தால், அதிலும் அது கிளிமிபிரைடு வகையாக இருந்தால், சாப்பாடு தள்ளிப்போகும்போது சர்க்கரை அளவு தாழ்ந்து, வியர்த்து, நடுக்கம் கண்டு, மயக்கம்வரை போகலாம். பிறகு வருவதோ கேசரியும் பாயசமும். உபயதாரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு மாத்திரை நேரத்தை மாற்றுகிறவர் யார் என்று வார்டனிடம் கேட்டு வைப்பதே உருப்படியான காரியம்.

இரவில் நிலைமை மாறுகிறது. இத்தகைய இல்லங்கள் பலவற்றில் இரவுக்கு ஓர் ஆயாவும் வாசலில் காவலாளியும் மட்டுமே இருப்பார்கள். தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவரைத்தான் சேர்ப்போம் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருப்பதற்கு அதுவே காரணம். பெரியம்மை குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தபோது, மறுபடி சேர்த்துக்கொள்ள முடியாது என்று இல்லத்தார் கையை விரித்தார்கள். வருத்தமாக இருந்தாலும் அது நேர்மையான பதில் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கட்டண இல்லத்தின் தேவை அங்கேதான் தொடங்குகிறது. படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால், முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் இடுப்பெலும்பு மேடுகளிலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் வரும். ஏர் பெட் போட்டாலும் புரட்டும் வேலை ஒழிவதில்லை. கஞ்சி ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடக்கூடும். யூரின் டியூப், டயப்பர், புண்ணுக்குக் கட்டு என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்ற கை வேண்டும். இரவுப் பணிக்கு நர்ஸ் இருக்கும் இல்லமென்றால் கொடுக்கிற பணத்துக்குப் பொருள் உண்டு.

இருக்கிறாரா என்பதைத்தான் நாமே பார்த்து அறிய வேண்டும். நான் பார்த்த ஓர் இல்லத்தில் கட்டில் தலைமாட்டில் தொங்கிய சார்ட்டை மாலை ஆறு மணிக்குப் புரட்டினேன். இனிமேல் வரவேண்டிய இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாக் கட்டங்களிலும் ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என ஒரே பேனாவால், ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். வரவேற்பறையில் குளிர்சாதனமும் மீன்தொட்டியும் வைத்திருந்த இல்லம் அது. இடம் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில் போவதை விட்டுவிட்டு, ஒரு வேலைநாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லாமல் போய், தாழ்வாரத்தில் மூத்திர வாடை அடிக்கிறதா, அழைப்பு மணி அடித்தால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது நல்லது.

பகல் என்று வந்தால் கட்டண இல்லம் வெறுமையானது. வேலையாட்களின் ஷிப்டுக்கு ஏற்ப இரவுச் சாப்பாடு மாலை ஆறரைக்கே முடிந்து, எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள்; மீதிப் பொழுது தொலைக்காட்சிக்கு முன் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் கழிகிறது.

“பெத்த பிள்ளைக இருக்கையில விடுதி எதுக்கு?” என்று கேட்கும் உறவினர்கள் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை. பழகிய கட்டில், தெரிந்த தெரு, நினைத்த நேரத்தில் சுக்குக் காப்பி ஆகியவற்றை எந்த இல்லமும் தர முடியாது. மறதி நோய் உள்ளவர்களுக்கு இடம் மாறாமல் இருப்பதே பாதி நிம்மதி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சேவையும் அதில் உண்டு. ஆனால் திருநெல்வேலி டவுண் பக்கத்து நீண்ட வீடுகளில் கழிவறை முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கும், நிலைப்படிகள் தடுக்கும். வாக்கரோடு இரவில் அங்கே போவது ஆபத்து. அதைவிட முக்கியமாக, இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே ஆள் என்பது இரவில் தூங்காத ஆளை எதிர்பார்ப்பதாகும். அந்தப் பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாற்று ஆள் வரும் என்று ஏஜென்சி சொல்வதை நம்பி இருக்க முடியாது. மேற்பார்க்க உறவினர் ஒருவர் அதே ஊரில் இல்லாவிட்டால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, கட்டண இல்லம் சொல்லும் தொகையில் டயப்பரும் மருந்தும் ஆம்புலன்சும் அடங்குமா என்று எழுத்தில் வாங்காமல் எதையும் ஒப்பிட முடியாது. பிள்ளைகள் கொடுக்க மறுத்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, திருநெல்வேலி அல்லது சேரன்மகாதேவி வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அச்சட்டத்தில் பராமரிப்புத் தொகைக்கான உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். படுக்கையில் இருப்பவரின் இல்லக் கட்டணத்துக்கு அது போதாமல் போகக்கூடும் என்பதால், பல குடும்பங்களில் பெரியவரின் சொந்த வீட்டு வாடகையே அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறது. எனவே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவைக்க நினைப்பவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால், பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்குமாறு அச்சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அதே தீர்ப்பாயத்தில் கோரலாம்.