ரோபோ இயக்குபவரை மதிப்பிட: மரத் தடமா, முழு ஒத்திகையா?

மீட்புப் பணி ரோபோக்களை இயக்கப் பயில்பவர்களை மதிப்பிட எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் வகுத்த, மரத்தாலான சோதனைத் தடம். மற்றது இடிபாடு, புகை, நேர நெருக்கடி எல்லாம் சேர்ந்த முழு ஒத்திகை. தடத்தையே தேர்ந்தெடுத்தோம், இன்றும் என் மனம் அதன் பக்கமே.

ஒத்திகைக்குச் செலவு அதிகம் என்பது தெரிந்ததுதான். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: கிடைத்த மதிப்பெண் மனிதருடையதா, இயந்திரத்துடையதா? 2015இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பா நடத்திய மீட்பு ரோபோ போட்டியில் தென்கொரியாவின் கெய்ஸ்ட் பல்கலைக்கழக அணி எட்டுப் பணிகளையும் 44 நிமிடம் 28 நொடியில் முடித்து வென்றது. அவர்களுடைய ரோபோ மண்டியிட்டுச் சக்கரங்களில் உருளக்கூடியது. நடந்தே போன பல ரோபோக்கள் தடுமாறி விழுந்தன. அந்த வெற்றியில் இயக்கியவர்களின் திறமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

தடத்தில் பிரிக்கலாம். ஒட்டுப்பலகையிலும் மரக்கட்டையிலும் செய்த, அளவு மாறாத சரிவுகள், தடைகள். இயக்குபவர் ரோபோவைப் பார்க்க முடியாத இடத்தில் அமர்ந்து கேமரா படத்தை மட்டும் நம்பி ஓட்டுவார். முதலில் அந்த ரோபோ நன்கு கைவந்த ஒருவர் ஓட்டுவார். பிறகு அதே ரோபோவை, அதே தடத்தில் பயில்பவர் ஓட்டுவார். பத்து நிமிடத்தில் முன்னவர் 20 சுற்று, பின்னவர் 12 சுற்று என்றால் தேர்ச்சி 60 சதவீதம். இயந்திரத்தின் குறைநிறைகள் இருவருக்கும் ஒன்றே. அடுத்த மாதமும் தடம் அப்படியே இருக்கும். கலைந்த இடிபாட்டை அதேபோல் மறுபடி அடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஐந்தில் ஒரு முறை தவறுபவர்கூட ஒற்றை ஒத்திகையில் எளிதாகத் தேறிவிடலாம். பத்து முறையும் பிழையின்றி முடிக்க அவருக்குள்ள வாய்ப்பு சுமார் 11 சதவீதம்தான். தடத்தில் பத்து முறை ஓட்டச் சொல்வது ஒரு பிற்பகல் வேலை.

தடம் காட்டாதவையும் உண்டு. 2011 அக்டோபரில் ஜப்பானில் விபத்துக்குள்ளான புகுஷிமா அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலைக் கட்டடத்துக்குள் சென்ற குயின்ஸ் என்ற ரோபோ, அதன் தகவல்தொடர்பு கேபிள் சிக்கி உள்ளேயே நின்றுபோனது. நீண்ட பாதையில் கேபிளைக் காப்பதும் பதற்றத்தில் முடிவெடுப்பதும் குறுகிய தடத்தில் வெளிப்படா. அதனால் தடத்தில் தேறியவர்களை மட்டும் ஒத்திகைக்கு அனுப்புகிறோம். ட்ரோன் இயக்குபவர்களுக்கும் இதே முறையைப் பரிந்துரைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நான் பார்த்தவை எல்லாம் தரையில் ஓடுபவை.