ஆளுக்கொரு நோட்டு போய் எல்லோருக்கும் ஒரு ஷீட்: அப்பள வீட்டிலிருந்து ஒரு ரிவ்யூ

நெட்டிலேயே பல பேர் சேர்ந்து எழுதும் கணக்குத் தாளான கூகுள் ஷீட்ஸை வாங்கலாமா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை, அது சும்மாவே கிடைக்கிறது. யோசிக்க வேண்டியது வேறு. நாலு பேர் கை வைக்கிற வீட்டுத் தொழிலின் கணக்கை நம்பி அதில் ஏற்றலாமா? கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அப்பளக் கணக்கு சில வருஷமாக அதில்தான் ஓடுகிறது. ஏற்றலாம் என்பதுதான் என் பதில். எதை ஏற்றக்கூடாது என்பதையும் கூடவே சொல்கிறேன்.

முதலில் தொழில். உளுந்து மாவில் உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து, எடை போட்டு வீடுகளுக்குக் கொடுத்துவிடுவோம். பக்கத்துத் தெருக்களில் உள்ள பெண்கள் அதை வீட்டில் வைத்துத் தேய்த்து, உலர்த்தி, எண்ணிக் கட்டிக் கொண்டுவருவார்கள். கூலி எடைக்கு. மாவு எடை போட்டுக் கொடுப்பது அத்தை, அதாவது என் மாமியார். வருகிற கட்டை எண்ணி வாங்கி அடுக்குவது நான். ஆர்டர் பிடிப்பது சென்னையில் இருக்கும் கொழுந்தன். திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, தென்காசி கடைகளுக்கு வண்டியில் போடுவது என் வீட்டுக்காரர். ஆளுக்கொரு நோட்டு இருந்தது. மாசக் கடைசியில் நாலு நோட்டும் நாலு தொகை சொல்லும். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க பஞ்சாயத்து.

நடுவில் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் பார்த்தோம். பெயர் வேண்டாம். வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். அது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும், எல்லோர் நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு நான் ஒருத்தி உட்கார்ந்து ஏற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்ட அன்றைக்கு விற்றவருக்குப் போன் போட்டால், "பேக்கப் எடுத்திருக்கீங்களாம்மா?" என்று என்னிடமே கேட்டார். அதோடு அதை விட்டோம்.

நெட்டிலேயே எழுதும் இந்த வகைக் கருவிகள் ஒன்றும் நேற்று வந்தவை இல்லை. ரைட்லி என்று ஒரு சின்ன கம்பெனியின் எழுது கருவி 2005-ல் வந்தது, 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது. அதே வருஷம் ஜூனில் கணக்குத் தாள், அக்டோபரில் இரண்டையும் ஒன்றாக்கி வெளியிட்டார்கள். ஜோஹோ கம்பெனியின் எழுது கருவியான ரைட்டரும் 2005-ல் வந்ததுதான். மைக்ரோசாப்ட் தன் ஆபீஸை பிரவுசருக்குள் கொண்டுவர 2010 ஆனது. அந்தக் காலத்தில் நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு சென்டரில் எம்.எஸ். ஆபீஸும் டாலியும் படித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு இவ்வளவு என்று பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நெட் பார்த்த காலம். நெட்டிலேயே கணக்கு எழுது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் இது எங்கள் தெருவுக்கு எட்டியது. அதுவும் போன் வழியாக. கம்ப்யூட்டர் பின்னால்தான் வந்தது.

சரி, உள்ளே போவோம். இதில் கூட்டல் கழித்தல் எல்லாம் எந்தத் தாளிலும் நடக்கும். 1979-ல் விசிகால்க் என்ற கம்ப்யூட்டர் கணக்குத் தாள் வந்த நாளிலிருந்து நடக்கிறது. ஷீட்ஸில் எனக்குக் காசு பெறுமானது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்று அது சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, திருத்த வரலாற்றைக் காட்டு என்று கேட்டால் போதும். பெயர், தேதி, நேரம், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, எல்லாம் வரும். ஒரு தடவை கூலிப் பக்கத்தில் ஒரு அக்காவின் அட்வான்ஸ் 500 என்று இருந்தது 1500 ஆகிவிட்டது. அந்த அக்கா வாசலில் நின்று கண் கலங்கிவிட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கட்டத்தைத் திறந்தால் கொழுந்தன் பெயர், ராத்திரி பத்தே முக்கால். போன் போட்டேன்.

"மைனி, நான் அந்தப் பக்கமே போகல."

"தம்பி, பத்தே முக்காலுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "பஸ்ல ஆர்டர் ஏத்திட்டிருந்தேன். பக்கம் மாறிப் போச்சோ?" பக்கம்தான் மாறியிருந்தது. பழைய நோட்டுக் காலமாக இருந்தால் இது ஒரு வார மனஸ்தாபம், ஒரு நல்ல கையை இழந்தும் இருப்போம். அன்றைக்கு அந்த அக்கா மாவை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அதற்குப் பிறகு பூட்டுப் போட்டோம். எந்தப் பக்கத்தை யார் திருத்தலாம் என்று தனித்தனியாக வைக்கலாம். இப்போது மாவுப் பக்கம் அத்தைக்கும் எனக்கும், ஆர்டர் பக்கம் கொழுந்தனுக்கு, கூலிப் பக்கத்தில் நான் மட்டும். ஆனால் இது திருத்துவதற்குப் போடும் பூட்டு, பார்ப்பதற்குப் போடும் பூட்டு இல்லை. ஒரு கோப்பை ஒருவரோடு பகிர்ந்தால் மொத்தக் கோப்பும் பகிர்ந்ததாகத்தான் அர்த்தம். பக்கத்தை மறைத்து வைத்தாலும், விவரம் தெரிந்தவர் ஒரு நகல் எடுத்துத் திறந்துவிடலாம். தேய்க்கும் பெண்கள் தங்கள் கணக்கைப் போனில் தாங்களே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காக எல்லோர் கூலியையும் எல்லோருக்கும் காட்ட முடியாது, தெரு இரண்டாகிவிடும். ஆளுக்கொரு சின்னக் கோப்பு போட்டு, பெரிய கோப்பிலிருந்து அவரவர் வரிகளை மட்டும் இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலா வழியாக இழுத்து வைத்தேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சின்னக் கோப்பைப் பார்க்க மட்டுமே அனுமதி கொடுக்க வேண்டும், திருத்த அனுமதி கொடுத்தால் ஃபார்முலாவை மாற்றி மற்ற வரிகளையும் இழுத்துவிடலாம். பெயர்ப்பலகை மாதிரி ஒரு லிங்க் எடுத்து யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வாட்ஸாப் குரூப்பில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அப்படித் திறந்துவிட்டால், கூகுள் கணக்கில் நுழையாமல் வருகிறவர்கள் பெயரே இல்லாமல் ஏதோ ஒரு மிருகத்தின் பெயரில் வருவார்கள். யார் மாற்றினார் என்ற ஒரே நல்ல விஷயமும் போய்விடும்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு மூன்று இசக்கியம்மாள் இருப்பார்கள். அத்தை பேசிப் பதிவு செய்தால் ஒரு நாள் இசக்கியம்மாள், ஒரு நாள் இசக்கி அம்மாள், ஒரு நாள் வெறும் இசக்கி. ஷீட்டுக்கு இது மூன்றும் மூன்று ஆள், கூலியும் மூன்றாகப் பிரிந்துவிடும். டேட்டா வேலிடேஷன் என்ற வசதியில் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை கொடுத்துவிட்டால், கட்டத்தைத் தொட்டதும் பட்டியல் விழும், அதில் ஒன்றைத் தொட்டால் போதும். "கீழத்தெரு இசக்கி", "வாய்க்கா பாலம் இசக்கி" என்று அத்தை வாயில் வருகிற மாதிரியே பட்டியலைப் போட்டேன். அன்றிலிருந்து அத்தை எழுதுவதில் தப்பே கிடையாது. அவளுக்குப் போனில் இரண்டே வேலை: பெயரைத் தொடுவது, எடையை அடிப்பது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய ஒன்று: கோப்பின் செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 5/6 என்று நீங்கள் அடிக்கும் ஜூன் அஞ்சாம் தேதியை அது மே ஆறு என்று எடுத்துக்கொள்ளும். 12-ஆம் தேதி வரைக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், 13-லிருந்துதான் குட்டு வெளிப்படும்.

நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் குழம்பாதா என்று என் நாத்தனார் கேட்டாள். குழம்பாது. நீங்கள் ஒரு கட்டத்தில் அடித்ததும் மொத்தக் கோப்பும் போய் வருவதில்லை, இந்தக் கட்டத்தில் இந்த மாற்றம் என்று ஒரு சின்னச் செய்தி மட்டும் போகிறது. சர்வர் அவற்றை வரிசைப்படுத்தி எல்லோர் திரைக்கும் அனுப்புகிறது. இந்த யோசனையின் வேர் 1989-ல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு பேர் அடித்தால் பின்னால் வந்தது நிற்கும். சிக்னல் இரண்டு கோடு இருந்தாலே வேலை நடப்பதற்கும் இந்தச் சின்னச் செய்திதான் காரணம்.

பிடிக்காதவை. வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டு என்று ஒருவர் சாதாரண ஃபில்டர் போட்டால் திருத்துகிற எல்லோர் திரையிலும் வரிசைகள் மறையும். பாதிக் கணக்கைக் காணோம் என்று வீட்டில் அலறல் கேட்டால் காரணம் அநேகமாக இதுதான். மற்றவர் திரையைத் தொடாத ஃபில்டர் வியூ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ள வேண்டும். போன் திரையில் அஞ்சு நெடுவரிசைக்கு மேல் வைத்தால் விரல் தடுமாறும். அகலமான கணக்குக்குக் கம்ப்யூட்டர்தான் சரி. இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயில், போட்டோ, கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து. கணக்கு எடுக்கும் இடம் ஒன்றுமே இல்லை. கல்யாண வீடியோக்கள்தான் அதைத் தின்னும். தொழிலுக்கென்று தனி மெயில் வைத்துக்கொள்வது நல்லது.

நெட் இல்லாவிட்டால்? 2023 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரையை மீறி ஓடியது. எங்களுக்குக் கரன்ட்டும் இல்லை, டவரும் இல்லை. ஷீட் எங்கோ பத்திரமாகத்தான் இருந்தது, எங்களால்தான் அதை எட்ட முடியவில்லை. யாருக்கு எவ்வளவு மாவு போயிருக்கிறது, அதில் எவ்வளவு நனைந்து வீணாகியிருக்கும் என்று கணக்குப் பார்க்க அத்தையின் பழைய சிட்டை நோட்டுதான் வெளியே வந்தது. ஆஃப்லைன் வசதி இருக்கிறது, ஆனால் நெட் இருக்கும்போதே அதை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். இப்போது எல்லோர் போனிலும் வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அத்தை நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவாள், நானும் தடுப்பதில்லை.

ஜோஹோவின் கணக்குத் தாளான ஜோஹோ ஷீட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கொழுந்தனின் தினசரி கேள்வியும் அதுதான். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிய கம்பெனி, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவே இந்தப் பக்கம் வந்து குடியிருக்கிறார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது எங்கள் ஜில்லாதான். கல்லிடைக்குறிச்சியில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் எட்டிவிடுகிற தூரம். ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு. எழுதிப் பார்த்தேன். பகிர்வது, சேர்ந்து எழுதுவது, பழைய பதிப்புக்குத் திரும்புவது, எங்களுக்கு வேண்டியது எல்லாம் அதிலும் இருக்கிறது. திரை எனக்கு இன்னும் தெளிவாகக்கூடப் பட்டது. தடுத்தது ஒன்றுதான்: தேய்க்கும் பெண்கள் எல்லோர் போனிலும் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு கணக்கு, இன்னொரு பாஸ்வேர்டு என்று வாசலில் நின்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை. புதிதாக ஆபீஸ் வைத்து, எல்லோருக்கும் மெயில் போட்டுக் கொடுக்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுத்து வேலைக்கு கூகுளின் எழுது கருவியான டாக்ஸ் எப்படி? தமிழ் அடிப்பதில் சிக்கல் இல்லை. போனில் எந்தக் கீபோர்டில் பழகினீர்களோ அதே போதும். சிக்கல் பழைய சரக்கில்தான். டிடிபி கடையில் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய பழைய லேபிள் வாசகத்தை அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். அவை இன்றைக்கு எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் படிக்கும் யூனிகோடு முறையில் இல்லை, மாற்றி எடுக்க வேண்டும். கவர் டிசைனுக்கு இன்றைக்கும் அம்பை டிடிபி கடை அண்ணாச்சியிடம்தான் போகிறேன். டாக்ஸில் அதைச் செய்ய முயல்வது வெட்டி வேலை.

ஏற்றக்கூடாதவை என்று நான் வைத்திருப்பது: பேங்க் பாஸ்வேர்டு, ஆதார் எண்கள், அப்புறம் குடும்பத்துக்குள் யாருக்கு யார் கொடுக்க வேண்டிய கைமாற்று. கடைசியது பாதுகாப்புக்காக இல்லை. திருத்த வரலாறு எதையும் மறக்காது, சொந்தக்காரர்களுக்குள் சிலது மறந்துபோனால்தான் நல்லது.

ஆடிட்டர் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, வருமான வரிக்குத்தான் அவரிடம் போகிறோம். லிங்க் அனுப்பினால் திறக்கமாட்டார், "எக்ஸெல்லா வாட்ஸாப்ல போடும்மா" என்பார். எக்ஸெல் கோப்பாக இறக்கும் வசதி மெனுவிலேயே இருக்கிறது. இறக்கும்போது இம்போர்ட்ரேஞ்ச் மட்டும் வேலை செய்யாது, ஆகவே பெரிய கோப்பிலிருந்து இறக்குங்கள். மாசக் கடைசியில் அதிலேயே ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுவிடுகிறேன், அத்தைக்கு ஒரு பிரின்ட். பிரின்டுக்கு ஏ4 தாளைப் படுக்கை வசமாக வைத்து, அகலத்துக்குப் பொருத்து என்று கொடுத்தால்தான் கூலி நெடுவரிசை அடுத்த தாளுக்கு ஓடாமல் நிற்கும்.