காரைக்குடியில் வாங்கிய பழைய ரேடியோ பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும், தெரியும்தானே. அதில் ஒரு சின்னக் கடையில் வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குள் புது எஃப்எம் போர்டும் ப்ளூடூத்தும் வைத்து விற்கிறார்கள். 4,000 சொன்னார், பேசிப்பேசி 3,200க்கு எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதுகுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல் ஜில்லென்று இருக்க, வளவில் தலையணையைப் போட்டுப் படுத்தபடியே கோடை பண்பலை 100.5க்குத் திருகினேன், கொஞ்சம் கரகரத்து, அப்புறம் தபேலாவோடு பாட்டு வந்ததே, கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது. மரப்பெட்டி என்பதால் ஓசை நல்ல கனம். செல்போனில் இது வராது.

குறை இல்லாமல் இல்லை. சத்தத்தைக் கூட்டினால் பெட்டி அதிர்கிறது, பின்பலகையில் ஒரு ஸ்க்ரூவுக்குப் பதில் தீக்குச்சி செருகியிருக்கிறது. போன் போட்டுக் கேட்டால் “அதுவும் பழசுதாண்ணே” என்கிறார்!

வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்த அப்பத்தா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, இதைத்தானே நாம எடைக்குப் போட்டோம்?”